240 இசட்டா, ஜிஆர் 86-ஆ?

கேள்வி: 1972 டட்சன் 240 இசட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கிட்டத்தட்ட அதே பணத்துக்கு டொயோட்டா ஜிஆர் 86 கூபேயும் கிடைக்கும். எதை வாங்கலாம்? (வாசகர், நியூ ஜெர்ஸி)

பதில்: தினமும் ஆபீஸுக்குப் போய்வர என்றால் 86. யோசிக்கவே வேண்டாம். இசட்டில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, பின் சக்கரத்தில் டிரம் பிரேக். சனிக்கிழமை ஸ்பேனர் பிடித்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் ஆசை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

சிசி கணக்கில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இசட்டின் ஆறு சிலிண்டர் 2,393 சிசி. 86-ன் நான்கு சிலிண்டர் 2,387. ஆனால் இசட்டுக்குச் சொல்லப்படும் 151 குதிரைசக்தியை 86-ன் 228-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அது ஏர் ஃபில்டர், ஃபேன், சைலன்சர் எதுவும் மாட்டாமல் இன்ஜினை மட்டும் ஓட்டி எடுத்த அந்தக்கால அளவு. இன்றைய முறையில் 130-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இசட்டைக் காப்பாற்றுவது அதன் எடை: ஏறத்தாழ 1,050 கிலோ. 86 இருநூறு கிலோவுக்கு மேல் கூடுதல்.

இசட் வாங்கும்போது இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார். பாடியைப் பாருங்கள். உங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவதால் துருதான் இந்த வண்டிக்கு எமன். முதலில் பேட்டரியைத் தூக்கி அதன் தட்டைப் பாருங்கள். ஆசிட் சிந்தி அங்கே அரித்தால், கீழே வண்டியைத் தாங்கும் ஃபிரேம் ரெயில் என்ற சட்டம் வரை இறங்கும். பிறகு மேட்டை உரித்துத் தரையையும், பின் சக்கர வளைவுக்கு முன்னால் உள்ள மூலையையும், ஸ்பேர் டயர் குழியையும் தட்டிப் பாருங்கள். கையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, துளையை மூடிய பட்டிப் பூச்சுதான் இருக்கிறது. பெயின்ட் பளபளப்பைப் பார்த்து விலை பேசினால், டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும்.

பழைய 86 என்றால் முந்தைய உரிமையாளர் ரேஸ் டிராக்கில் ஓட்டினாரா என்று கேளுங்கள். நீண்ட வலதுபக்க வளைவுகளில் ஆயில் பிரஷர் இறங்குவதாகப் பல உரிமையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயில் மாற்றிய ரசீதுகள் இல்லையென்றால் வேறு வண்டி பார்ப்பது நல்லது.

கேள்வி: என் 1971 இசட் ஐடிலிங்கில் (நின்ற இடத்தில் ஓடும்போது) தள்ளாடுகிறது. இரண்டு கார்பரேட்டரையும் திருகித் திருகி அலுத்துவிட்டது. என்ன செய்ய?

பதில்: கார்பரேட்டரைக் கடைசியில் தொடுங்கள். முதலில் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே விடும் இடைவெளி: சூடான இன்ஜினில் இன்டேக் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. அடுத்து பாயின்ட் (ஸ்பார்க்குக்கான மின் தொடுமுனை), இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்). இவை தவறாக இருக்கும்போது மிக்சரை (பெட்ரோல், காற்றுக் கலவையை) திருகினால் ஒரு தப்பை இன்னொரு தப்பால் மூடுவதுதான்.

பிறகு ஏர் கிளீனரைக் கழற்றி, ஒவ்வொரு கார்பரேட்டரின் பிஸ்டனையும் விரலால் உயர்த்தி விடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும். இழுபட்டு இறங்கினால் அழுக்கு, அல்லது ஜெட் (பெட்ரோல் வரும் துளை) மையம் விலகியிருக்கிறது. பிஸ்டன் அசைவை நிதானப்படுத்தும் டேம்பரில் எஸ்ஏஇ 20 ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வற்றிப்போனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் வண்டி திக்கும். மிக்சர் நட்டை முழுக்க மேலே ஏற்றி, இரண்டரைச் சுற்று இறக்கித் தொடங்குங்கள். இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று காற்றோட்ட மீட்டர் வைத்துச் சமன் செய்த பின், பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் உயர்த்துங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இறங்கினால் குறைவு, சற்றே ஏறித் திரும்பினால் சரி.

கேள்வி: 240 இசட், கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி கார் பந்தயத்தில் ஜெயித்திருக்கிறதா?

பதில்: இரண்டு முறை, 1971-லும் 1973-லும். இரண்டாவது வெற்றி, உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளி ஓட்டுநர் சேகர் மேத்தாவுடையது.