அலமாரியில் ஒரு செர்வர்: கேள்வி-பதில்

வீட்டிலேயே செர்வர், அதாவது நாள் முழுக்க ஓடி நம் படங்களையும் கோப்புகளையும் வைத்துத் தரும் கணினி, வைப்பது பற்றி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் புகைப்படத்தில்தான் ஆரம்பிக்கின்றன. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் வரம்பில்லாத இலவசச் சேமிப்பு கிடையாது. 15 ஜிபி நிறைந்ததும் பலர் இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். அப்படி வந்த சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதுமா, இல்லை ராஸ்பெர்ரி பை வாங்க வேண்டுமா? (சேலம்)

தாராளமாகப் போதும். 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் முதல் இரண்டு வருடங்களுக்கு வேறெதுவும் வாங்க வேண்டாம். லேப்டாப்பின் பேட்டரியே ஒரு யுபிஎஸ். நம் ஊரில் கரண்ட் போய் வரும் அந்த ஐந்து நிமிடம்தான் செர்வருக்கு எமன். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினி நல்ல பலகைதான். ஆனால் அடாப்டர், பெட்டி, டிஸ்க் எல்லாம் சேர்த்தால் பழைய மினி பிசி ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எஸ்டி கார்டில் ஓட்டினால், ஓயாமல் எழுதி எழுதிக் கார்டு சீக்கிரம் பழுதாகும்.

டெபியன் அல்லது உபுண்டு செர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுங்கள். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள். ரவுட்டரில் அதற்கென்று ஒரு நிலையான ஐபியை, அதாவது நெட்வொர்க் முகவரி எண்ணை, ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். எப்போதும் சார்ஜில் கிடக்கும் பேட்டரி உப்பக்கூடும். டச்பேட் லேசாக மேலே எழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடினாலோ உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். சார்ஜை 60 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல மாடல்களில் உண்டு. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

24 மணி நேரமும் ஓடினால் கரண்ட் பில் எகிறாதா? (திருப்பூர்)

திரை அணைந்த லேப்டாப் பெரும்பாலும் 10 முதல் 15 வாட்தான் இழுக்கும். 15 வாட் என்றே வைத்தாலும் இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட். பழைய டெஸ்க்டாப் என்றால் கதை வேறு. 60 வாட் இழுத்தால் அதே இரண்டு மாதத்தில் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். எடை போட்டு வாங்கும் கடைகளில் டெஸ்க்டாப் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இம்மிச், நெக்ஸ்ட்கிளவுட், ஜெல்லிஃபின், பை-ஹோல், வால்ட்வார்டன் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எதில் தொடங்க? (மதுரை)

எல்லாம் வீட்டு செர்வரில் ஓடும் செயலிகள்: நெக்ஸ்ட்கிளவுட் கோப்புகளுக்கு, ஜெல்லிஃபின் சினிமாவுக்கும் பாட்டுக்கும். பட்டியலை மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்றை எடுங்கள். என் தேர்வு, படங்களைச் சேமிக்கும் இம்மிச். போனில் எடுக்கும் படம் தானாக வீட்டு செர்வருக்கு வந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் உடனே பயன்படும். பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஒரு முறை படங்களை மீட்டும் பார்க்கிற வரை பழைய கூகுள் கணக்கை அழிக்க வேண்டாம்.

பை-ஹோலைப் பலரும் முதலில் போடச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். விளம்பரத் தளங்களின் முகவரியையே தடுப்பது அதன் வேலை. வீட்டிலிருந்து போகும் எல்லாத் தளங்களின் முகவரியையும் அதனிடம் கேட்டுத்தான் போக வேண்டும் என்பதால், அது நின்றுபோனால் வீடு முழுக்க நெட் போன மாதிரிதான். நீங்கள் ஆபீசில் இருப்பீர்கள், வீட்டில் பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். ஒரு மாதம் உங்கள் போனில் மட்டும் வைத்துப் பாருங்கள். யூடியூப் விளம்பரம் அதில் நிற்காது. வீடியோ வரும் இடத்திலிருந்தேதான் விளம்பரமும் வருகிறது.

பாஸ்வேர்டுகளை வைக்கும் வால்ட்வார்டன் கடைசியாக வரட்டும். பேக்கப் உங்களுக்குப் பழக்கமான பிறகு.

டாக்கர் கட்டாயம் கற்க வேண்டுமா? (நாகர்கோவில்)

ஒரு செயலியை, அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்து ‘கன்டெய்னர்’ என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவிதான் டாக்கர். கட்டாயமில்லை. ஆனால் ஒரு வாரம் செலவழித்துக் கற்றுக்கொண்டால் பல வருடம் நிம்மதி. இம்மிச்சுக்கு மட்டும் தரவுத்தளம், படங்களை அடையாளம் காணும் பகுதி என்று நான்கு துண்டுகள் சேர்ந்து ஓட வேண்டும். டாக்கரின் கம்போஸ் என்ற அமைப்புக் கோப்பு ஒன்று இவை எல்லாவற்றையும் கோத்துவிடும். அந்தக் கோப்பில் ‘வால்யூம்’ என்று வரும் வரிகளை மட்டும் உற்றுப் படியுங்கள். உங்கள் படங்கள் உண்மையில் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்பதை அந்த வரிகள்தான் சொல்கின்றன. வால்யூம் இல்லாமல் கன்டெய்னருக்குள்ளேயே எழுதப்படுவது, கன்டெய்னரை நீக்கும்போது கூடவே போய்விடும்.

ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டேன். ஆனாலும் வெளியிலிருந்து செர்வர் கிடைக்கவில்லை. (தஞ்சாவூர்)

போர்ட் என்பது வெளியிலிருந்து உள்ளே வர எண் போட்ட ஒரு கதவு. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைய ஐபி என்னவென்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது. பல நூறு வீடுகள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கதவை எவ்வளவு திறந்து வைத்தாலும், தெருமுனை கேட்டின் சாவி நெட் நிறுவனத்திடம் இருக்கிறது.

இதை நல்லது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் நாள் முழுக்க அலைகின்றன. உங்கள் சாதனங்களை மட்டும் ஒன்றோடொன்று இணைக்கும் டெயில்ஸ்கேலை செர்வரிலும் போனிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள், வேலை முடிந்தது. உள்ளே ஓடுவது வயர்கார்ட் என்ற, தகவலைப் பூட்டி அனுப்பும் முறை. டெயில்ஸ்கேல் கொடுக்கும் எண்ணும் 100 என்றுதான் தொடங்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பொது ஐபி இருந்து போர்ட் திறப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள், வேண்டாத இணைப்புகளைத் தடுக்க உபுண்டுவில் இருக்கும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் விதிகளுக்குக் கட்டுப்படாது. ‘தடுத்திருக்கிறேன்’ என்று நீங்கள் நினைக்கும் போர்ட் திறந்தே கிடக்கலாம்.

இரண்டு டிஸ்க்கை ரெய்டில் போட்டிருக்கிறேன். தனியாக பேக்கப் வேண்டுமா? (கோவை)

கண்டிப்பாக வேண்டும். ஒரு டிஸ்க்கில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும் ரெய்டைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவிடும். டிஸ்க் பழுதாகும்போது செர்வர் நிற்காமல் ஓட மட்டுமே அது உதவும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தினமும் இரவு 2 மணிக்கு பேக்கப் ஓடும்படி வைத்திருந்தேன். ஐந்து மாதம் ஒரு பிழைச் செய்தியும் இல்லை. ஒரு நாள் செர்வரில் இடமில்லை என்று எல்லாம் நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால், தனி அடாப்டரில் ஓடும் யுஎஸ்பி டிஸ்க் ஏதோ ஒரு கரண்ட் கட்டில் அணைந்து, அதன் பிறகு மவுன்ட் ஆகவே இல்லை, அதாவது செர்வரோடு மறுபடி இணையவே இல்லை. டிஸ்க் வந்து அமர வேண்டிய காலி ஃபோல்டருக்குள், அதாவது செர்வரின் சொந்த எஸ்எஸ்டியிலேயே, பேக்கப் குவிந்துகொண்டிருந்தது. அந்த எஸ்எஸ்டி போயிருந்தால் என் அப்பாவின் கடைசிப் படங்களும் போயிருக்கும்.

அன்றிலிருந்து என் ஸ்கிரிப்ட்டின் முதல் வரி, டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். இல்லையென்றால் அங்கேயே நின்று என் போனுக்குத் தகவல் அனுப்பும். மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஏதாவது பத்துப் படத்தை எடுத்துத் திறந்தும் பார்க்கிறேன். இம்மிச் என்றால் படங்களோடு தரவுத்தளத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஆல்பம், முகங்களுக்கு வைத்த பெயர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்பது பழைய கணக்கு. வெளியிடம் என்றதும் மாதக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கிருப்பதை எடுத்து வருகிறேன். ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியில் எடுப்பதால் பூட்டப்பட்டே இருக்கும். அதன் பாஸ்வேர்டை அதே செர்வரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வீட்டிலேயே இமெயில் செர்வர்? (சென்னை)

வேண்டாம். மெயில் வெளியே போக வேண்டிய 25-ஆம் போர்ட்டைப் பல நெட் நிறுவனங்கள் அடைத்திருக்கின்றன. வீட்டு ஐபியிலிருந்து போகும் கடிதம் பெரும்பாலும் ஸ்பாமுக்குத்தான் போகும். சொந்த டொமைன் வாங்கி, கட்டணச் சேவை ஒன்றோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவிக்குப் படங்கள் எப்படிக் கிடைக்கும்? (திருநெல்வேலி)

இதைக் கேட்டதற்கு நன்றி. வீட்டில் செர்வர் வைக்கிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டியது இது. இம்மிச்சின் அமைப்பில் ஸ்டோரேஜ் டெம்ப்ளேட் என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் படங்கள் வருடம், தேதி வாரியான சாதாரண ஃபோல்டர்களில் இருக்கும். அவற்றை, விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த ஒரு டிஸ்க்கில், பூட்டாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை நகல் எடுங்கள். மேலே ‘குடும்பப் படங்கள்’ என்று ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். வைப்பதற்கு முன் அவர் கையிலேயே கொடுத்து, அவர் லேப்டாப்பில் செருகி, உங்கள் கல்யாணப் படம் ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று எதுவும் சொல்லித்தர வேண்டாம்.