ஆகஸ்ட் 13: துனீசியப் பெண்கள் தினம் – கேள்வி பதில்

துனீசியாவில் ஆகஸ்ட் 13 பெண்களுக்கான அரசு விடுமுறை நாள். அதையொட்டி வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: மார்ச் 8 இருக்கும்போது இவர்களுக்கு ஏன் தனியாக ஒரு நாள்?

1956ஆம் ஆண்டு அதே நாளில்தான் அங்கே குடும்பச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்று ஐந்து மாதம்கூட நிறையவில்லை. மன்னராட்சி நீங்கவில்லை, அரசியலமைப்பும் எழுதி முடியவில்லை. பிரதமர் ஹபீப் பூர்கிபா அதற்கெல்லாம் முன்பாகக் குடும்பத்துக்குள் கை வைத்தார். 1957 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: ஐயா, ஒரு சாதாரணப் பெண்ணுக்கு அதனால் என்ன கிடைத்தது?

அதுவரை கணவன் வாய்ச்சொல்லால் மனைவியை விலக்கிவிடலாம். புதிய சட்டம் வந்தபின் நீதிமன்றத்துக்கு வெளியே மணவிலக்கே கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்டாலும், ஒருவர் கொடுமை என்று முறையிட்டாலும், காரணம் சொல்லாமல் ஒருவர் மட்டும் கேட்டாலும் நீதிபதிதான் தீர்க்க வேண்டும். முக்கியமானது, இந்த வழிகள் மனைவிக்கும் உண்டு. பெண்ணின் சம்மதமில்லாமல் திருமணம் செல்லாது என்றும் ஆயிற்று. 1981இல் இன்னொரு நல்ல திருத்தம் வந்தது: மணவிலக்கால் பாதிக்கப்பட்ட மனைவி, இழப்பீட்டை மாதாமாதம் வாழ்க்கைப்படியாகப் பெறலாம். கையில் காசில்லாத பெண்ணுக்கு உரிமை ஏட்டுச் சுரைக்காய் என்பதை உணர்ந்தவர்கள் செய்த வேலை அது.

கேள்வி: பலதார மணம்?

அடியோடு தடை. மீறினால் ஓராண்டுச் சிறையும் அபராதமும்.

கேள்வி: முஸ்லிம் நாட்டில் இதை எப்படி ஏற்றார்கள்? மதத்தை ஒதுக்கிவிட்டார்களா?

இல்லை. மனைவியரிடையே நீதியாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது குர்ஆன். எவ்வளவு விரும்பினாலும் அப்படி நடக்க உங்களால் முடியாது என்று வேறோரிடத்தில் அதுவே சொல்கிறது. இவ்விரு வசனங்களையும் சேர்த்துப் படித்துத்தான் பூர்கிபா தடைக்கு நியாயம் சொன்னார்.

ஆனால் நான் முதலில் வணங்குவது தாஹிர் ஹத்தாத்தை. தலைநகர் துனிஸில் உள்ள ஜைத்தூனா மசூதிக் கல்விக்கூடத்தில் மார்க்கக் கல்வி கற்றவர், தொழிற்சங்கத்தில் உழைத்தவர். 1930இல், மார்க்கத்திலும் சமூகத்திலும் பெண்ணின் நிலை பற்றி ஒரு நூல் எழுதி, மணவிலக்கு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று வாதிட்டார். தாம் படித்த இடத்து அறிஞர்களே அவரைத் தூற்றினார்கள். 1935இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல் இறந்தார். அவர் கேட்டதில் பெரும்பகுதி இருபது ஆண்டுகளுக்குப் பின் சட்டமாயிற்று.

கேள்வி: அப்படியானால் எல்லாமே ஆண்கள் கொடுத்த வரம்தானா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு நன்றி. 1936லேயே ப்ஷீரா பென் முராத் பெண்களுக்காக ஒரு சங்கம் நிறுவியிருந்தார். வந்த சட்டத்தைக் காத்ததும் பெண்கள்தான். 2012இல் புதிய அரசியலமைப்பின் வரைவு, குடும்பத்தில் பெண்ணை ஆணுக்குத் ‘துணைநிரப்பு’ என்கிற பொருளில், அதாவது சமமானவளாக அல்லாமல் அவனை நிறைவு செய்பவளாக வர்ணித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 13 அன்று துனிஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அந்த வாசகம் கைவிடப்பட்டது. 2014 அரசியலமைப்பில் ஆணும் பெண்ணும் சமம் என்றே எழுதப்பட்டது.

கேள்வி: சொத்துரிமை சமமா?

இல்லை, இதுதான் ஆறாத புண். தகப்பன் விட்டுச்சென்றதில், ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தால் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. 1956 சட்டம் இதைத் தொடவில்லை. 1959இல் மட்டும் ஒரு நுட்பமான திருத்தம் செய்தார்கள்: ஆண் பிள்ளை இல்லாத வீட்டில், உரியவர்களின் பங்கு போக எஞ்சிய சொத்து தகப்பனின் சகோதரர்களுக்குப் போகாமல் மகள்களுக்கே திரும்பும்.

2018 ஆகஸ்ட் 13 அன்று அதிபர் பெஜி காயித் எஸ்ஸெப்ஸி சம பங்குக்கான மசோதாவை அறிவித்தார். விரும்பாத குடும்பம் உயில் மூலம் பழைய முறையையே வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இடமும் விட்டிருந்தார்கள். இவ்வளவு விட்டுக்கொடுத்தும் நாடாளுமன்றத்தில் அது நிறைவேறவில்லை. 2019இல் அவர் காலமானார். அடுத்து வந்த கைஸ் சயீத், 2020இல் அதே பெண்கள் தினத்தன்று சம பங்கை எதிர்த்துப் பேசினார். வயலில் சகோதரனோடு சமமாக உழைக்கும் பெண்ணுக்குப் பாகப்பிரிவினையின்போது பாதிதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மகள் மீது அக்கறையுள்ள பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே அவள் பெயருக்கு எழுதிவைப்பது ஒன்றே இப்போதைக்கு வழி.