திருநெல்வேலி பக்கம் இருந்துகொண்டு ஆர்சி விமானம் பறக்கவிட சொந்தமாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

கேட்டவர் பாளையங்கோட்டைக்காரர், வயது 36. பக்கத்தில் கிளப் இல்லை, சொல்லித்தர ஆளும் இல்லை, இந்த மாதமே ரிமோட் விமானம் ஒன்று வாங்கிப் பறக்கவிட ஆசை, எவ்வளவு செலவாகும் என்று விவரத்தில் எழுதியிருக்கிறார்.

முடியும். நானும் ஆள் துணையில்லாமல்தான் கற்றேன். இன்வெர்ட்டர் சர்வீஸ் பார்க்கிறவன் என்பதால் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியும், அது ஒன்றுதான் என்னிடம் இருந்த தகுதி. ஆனால் "இந்த மாதமே" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இப்போது ஆனி. அடுத்து ஆடி. ஏன் சொல்கிறேன் என்றால், என் முதல் விமானம் மொத்தமே நாலு நிமிடம்தான் பறந்தது.

ஆன்லைனில் வாங்கிய ரெடிமேட் பிளேன். ஒரு மீட்டர் இறக்கை, பேட்டரியோடு சேர்த்து 700 கிராம் சொச்சம். ஆடி மாதம் சுரண்டைக்குப் பக்கத்தில் அத்தை ஊர்க் கோயில் கொடைக்குப் போனபோது கையோடு கொண்டுபோயிருந்தேன். காலை பதினொரு மணி. சுற்றிலும் காற்றாலைகள். அவற்றை ஏன் அந்த இடத்தில் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் யோசித்திருந்தால் ரிமோட்டை ஆன் செய்திருக்கவே மாட்டேன். அத்தான் கையால் எறிந்தார். மேற்கே பார்த்து, காற்றுக்கு எதிராக, அழகாக ஏறியது. ஏறி அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் முழு வேகத்தில் கத்துகிறது, விமானம் பனைமர உயரத்தில் ஒரே இடத்தில் தொங்குகிறது. கூடியிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் நமக்கு ஏதோ வித்தை கைவந்துவிட்டது என்று நினைத்து இன்னும் மேலே ஏற்றினேன். மேலே காற்று இன்னும் பலம். மூக்கு மேற்கே பார்த்தபடி இருக்க, விமானம் வால்பக்கமாகக் கிழக்கே நகர ஆரம்பித்தது.

"மாப்ள, வண்டி ரிவர்ஸ்ல போவுதுல்லா!" என்றார் அத்தான்.

பதறிப்போய்த் திருப்பினேன். திரும்பியதும் காற்றும் சேர்ந்து தள்ள, சில நொடியில் புள்ளியாகி, அப்புறம் புள்ளியும் இல்லை. சாயங்காலம் வரை உடங்காட்டில் தேடினோம். செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் முள் ஏறியதுதான் மிச்சம்.

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. அந்த மாதிரிப் பயிற்சி விமானம் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும். எதிர்க்காற்றும் அதே 40 என்றால் தரையிலிருந்து பார்க்கிறவனுக்கு அது நிற்கும், 50 என்றால் பின்னால் போகும். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வருகிற மேற்குக் காற்று இருக்கிறதே, அதுதான் குற்றாலத்தில் சாரல், கயத்தாறிலும் முப்பந்தலிலும் கரண்ட். புதிதாகக் கற்கிறவனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

ஆக நம் பக்கத்தில் இதற்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை போய், தை பாதியில் காற்று அடங்கும். மாசியில் பிசான நெல் அறுத்து முடித்த வயல்கள் காலியாகக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் மானாவாரிக் குளங்கள் வற்றிக் கால்பந்து மைதானம் மாதிரி ஆகிவிடும். அந்த மூன்று நான்கு மாதம்தான் பள்ளிக்கூடம். அதிலும் காலை ஆறிலிருந்து எட்டு வரை. ஒன்பதுக்கு மேல் தரை சுட்டு, சூட்டுக்காற்று மேலே கிளம்பும். குண்டும் குழியுமான ரோட்டில் மினிபஸ் போகிற மாதிரி விமானம் குதிக்கும். காற்றை அளக்கக் கருவியெல்லாம் வேண்டாம், பக்கத்துப் பனையைப் பாருங்கள். ஓலை சலசலத்தால் டிபன் சாப்பிட வீட்டுக்குப் போய்விடலாம்.

சரி, மாசி வரை என்ன செய்வது? சிமுலேட்டர், அதாவது கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிற கேம். முதலில் ரிமோட்டை மட்டும் வாங்குங்கள். ஃபிளைஸ்கை ஐ6 போல ஆறு சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் ஒன்று போதும், பல வருடம் வரும். வாங்கும்போது மோடு 2 என்று கேட்டு வாங்குங்கள், அதில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது கையில் இருக்கும். மோடு 1இல் அது வலது கையில். இணையத்தில் சொல்லித்தருகிறவர்களில் பெரும்பாலானோர் மோடு 2காரர்கள். யூஎஸ்பி கேபிள் போட்டுக் கணினியில் இணைத்தால் அதே ரிமோட்டால் சிமுலேட்டர் ஓட்டலாம். பிக்காசிம் என்று இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது. நான் தினமும் கடை மூடிய பிறகு அரைமணி நேரம் என்று இரண்டு மாதம் ஓட்டினேன். நூறு விமானம் உடைத்திருப்பேன், பத்துப் பைசா செலவில்லை.

சிமுலேட்டரில் முதலில் குழப்புவது ஒன்றே ஒன்றுதான். விமானம் உங்களைவிட்டு விலகிப் போகும்போது வலது என்றால் வலது. திரும்பி உங்களைப் பார்த்து வரும்போது அதன் வலது உங்களுக்கு இடது. மூளைக்கு இது தெரியும், விரலுக்குத் தெரியாது. முக்கால்வாசிப் பேர் விமானத்தை உடைப்பது இந்த இடத்தில்தான். சின்ன வயதில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டப் பழகியபோது, "எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரை ஒடி" என்று சொல்லித்தந்தார்கள் இல்லையா? அதேதான் இதுவும். உங்களை நோக்கி வரும் விமானத்தின் எந்த இறக்கை கீழே இறங்குகிறதோ, அந்தப் பக்கமாக ரிமோட்டின் குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும். யோசிக்காமல் கை தானாகப் போகும் வரை சிமுலேட்டரை விடாதீர்கள்.

விமானத்தை வாங்காதீர்கள், செய்யுங்கள். உடையப்போவது உறுதி. நீங்களே வெட்டி ஒட்டியது என்றால் மறுபடி வெட்டி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஸ்டேஷனரி கடையில் 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு (நடுவில் தெர்மாகோல் மாதிரி நுரை, இரு பக்கமும் காகிதம்) கேளுங்கள். ஃப்ளெக்ஸ் கடை சன்போர்டு வேண்டாம், அது பிவிசி, பாரம் அதிகம். ஒட்டுவதற்கு ஹாட் குளூ, இறக்கைக்கு வலு சேர்க்க மூங்கில் குச்சி, எலிவேட்டரை (வாலில் படுத்திருக்கும், மூக்கை ஏற்றி இறக்கும் பட்டை) இழுக்க சைக்கிள் ஸ்போக் கம்பி. சின்ன டியூபில் வரும் குயிக் பசையை மட்டும் தெர்மாகோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அவசரத்தில் நான் ஒரு சொட்டு விட்டேன். விட்ட இடம் புஸ்ஸென்று குழைந்து, சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை ஆனது. ஸ்ப்ரே பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

முதல் விமானத்துக்கு இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும், இரண்டு நுனியும் நடுவைவிட மூன்று விரல் உயர்ந்திருக்க வேண்டும். த்ராட்டில், எலிவேட்டர், ரட்டர் (வாலில் நின்றபடி இட வலம் திருப்பும் பட்டை) என்று மூன்று கட்டுப்பாடு போதும். இப்படி அமைந்த விமானம் சாய்ந்தால் தானாகவே நிமிரப் பார்க்கும், நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால். எனக்குக் கடைசியாக வந்த பாடமும் இதுதான். லேசாகச் சரிந்ததும் பயத்தில் குச்சியை ஒரு பக்கம் முட்டத் தள்ளுவேன், அது மறுபக்கம் சரியும், திரும்பவும் முட்டத் தள்ளுவேன். ஒருநாள் காலை இந்த ஆட்டத்தில் கை ஓய்ந்துபோய், விழுந்தால் விழட்டும் என்று இரண்டு கட்டைவிரலையும் எடுத்துவிட்டேன். ரெண்டு குலுங்கு குலுங்கிவிட்டு நேராகப் போனது. அவ்வளவு நாளும் விமானத்தை ஆட்டியது காற்று அல்ல, நான்தான்.

செலவைக் கேட்டீர்கள். நான் வாங்கியபோது ரிமோட், ரிசீவர், 2212 பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), குட்டி சர்வோ (பட்டைகளை அசைக்கும் சின்ன மோட்டார்) நாலு, மூன்று செல் 2200 எம்ஏஎச் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்தை ஒட்டி வந்தது. போர்டும் பசையும் முந்நூறு ரூபாய். விமானம் விழுந்தால் பெரும்பாலும் போவது அந்த முந்நூறும் ஒரு புரொப்பல்லரும்தான். ஒரு சார்ஜில் சுமார் பத்து நிமிடம் பறக்கலாம். நடிகர் அஜித்தைப் பார்த்து ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர் 2018இல் சென்னை எம்ஐடி மாணவர்களின் தக்ஷா ட்ரோன் குழுவுக்கே ஆலோசகராக இருந்தவர், வருடக்கணக்காகப் பழகிய கை. நமக்கு ஹெலிகாப்டர் வேண்டாம்.

முதல்முறை எறியும் முன் இரண்டே வேலை, ஆனால் இரண்டையும் விடக்கூடாது. ஒன்று, எடைச் சமநிலை. இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றால், முன்விளிம்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். சமமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரியை முன்னே பின்னே நகர்த்துங்கள். மூக்கு கனத்தால் விமானம் சோம்பேறியாகப் பறக்கும், பிழைத்துக்கொள்ளும். வால் கனத்தால் எறிந்த மறுநொடி மூக்கைத் தூக்கி, நின்று, ஒரு பக்கம் சரிந்து குத்தும். இரண்டு, திசை. விமானத்துக்குப் பின்னால் நின்று ரட்டர் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ரட்டரும் வலப்பக்கம் போக வேண்டும், எலிவேட்டர் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஒரு சர்வோவை மாற்றிப் போட்டுவிட்டு இதைப் பார்க்காமல் எறிந்தேன். வலது என்றேன், இடது போனது. இன்னும் வலது என்றேன், உடைமரம்.

அப்புறம் புரொப்பல்லர். சமையலறைக் கத்தியைவிட மோசம். முதலில் ரிமோட்டை ஆன் செய்து த்ராட்டில் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விமானத்தில் பேட்டரியைச் செருக வேண்டும். கழற்றும்போது விமானத்தின் பேட்டரிதான் முதலில். என் இடது ஆள்காட்டி விரலில் இதற்குச் சாட்சியாக ஒரு தழும்பு இருக்கிறது.

இறக்குவதற்குக் கூச்சமே படாமல் பெரிய இடமாகப் பாருங்கள். காற்றுக்கு எதிராக வந்து, த்ராட்டிலைக் குறைத்து, தானாக இறங்க விடவேண்டும். உயரம் குறைகிறதே என்று எலிவேட்டரை இழுத்தால் வேகம் செத்து, இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, கல் மாதிரி விழும். சீவலப்பேரி ரோட்டுப் பக்கம் ஒரு வற்றிய குளத்தில் நான் பழகிய காலத்தில், அங்கே ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் தினமும் கரையில் உட்கார்ந்து பார்ப்பார். நான் இறக்க வரும்போதெல்லாம் எழுந்து நின்று, "ஆட்டு மேல விட்டுராதிய அண்ணாச்சி!" என்று கத்துவார். ஒரு மாதம் கழித்து எழுந்திருப்பதை நிறுத்திவிட்டார். எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட் அது.

பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுங்கள். அது இறக்கையை மடக்கிக்கொண்டு பாய்வதை ஒருமுறை பார்த்தேன், விமானத்துக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி.

இடம் தேர்ந்தெடுப்பதில் நம் மாவட்டத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம். இந்தப் பக்கமெல்லாம் விளையாட்டுக்குக்கூட எதையும் பறக்கவிடாதீர்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோ வரை உள்ளதை வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடப் பைலட் உரிமம் தேவையில்லை, ஆனால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் அனுமதியில்லாமல் எதுவும் கூடாது. பச்சை இடத்திலும் 400 அடிதான் உச்சம். நமக்கு அதில் பாதியே அதிகம், அதற்கு மேல் போனால் எது மூக்கு எது வால் என்றே தெரியாது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று இதுவரை என்னிடம் யாரும் சொன்னதில்லை, ஆனால் எல்லோரும் "என்ன வெல ஆச்சு?" என்று கேட்பார்கள்.

ஆகவே இப்போது ரிமோட்டும் கேபிளும். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் உட்கார்ந்து போர்டு வெட்டுங்கள். பேட்டரியைக் கடைசியாக, தை பிறந்த பிறகு வாங்குங்கள். லிப்போவை முழுச் சார்ஜில் வாரக்கணக்கில் சும்மா வைத்தால் ஊதிப்போகும். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். நான் மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுவேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நம்ம ஊர் வெயிலில் பைக் பெட்டிக்குள் அதைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.