ரோமானியக் கோட்டையில் வெறும் புல்தான் தெரிகிறதா?

கேள்வி: மே மாதம் எடின்பரோவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஆர்டாக் என்ற ரோமானிய ராணுவ முகாமைப் பார்க்க ஆசை. ஆனால் படங்களில் புல்வெளிதான் இருக்கிறது. அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க ஏதாவது இருக்குமா?

பதில்: இருக்கிறது, தாராளமாகப் போங்கள். ஆனால் சுவர், தூண் என்று தேடினால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். பிரேக்கோ கிராமத்தை ஒட்டியிருக்கும் இந்தக் கோட்டையின் கரை மண்ணாலும் புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளாலும் எழுப்பியது, அதனால் இன்று கண்ணில் படுவதெல்லாம் மேடும் பள்ளமும்தான். வடக்கிலும் கிழக்கிலும் ஒன்றையடுத்து ஒன்றாக ஐந்து அகழிகள்! முதல் நூற்றாண்டில் கட்டி, கைவிட்டு, இரண்டாம் நூற்றாண்டில் திரும்பி வந்தபோது கோட்டையைச் சுருக்கினார்கள், அதில்தான் அகழிகள் இப்படிப் பெருகின. கரைமேல் நிற்பதோடு விடாமல் ஒரு அகழிக்குள் இறங்கி நின்று மேலே பாருங்கள், ஈட்டியோடு ஓடிவருகிறவனுக்கு அது என்ன பாடு என்பது அப்போதுதான் புரியும்.

நேரம் ரொம்ப முக்கியம். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். மே மாதம் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் ஏழு மணிக்கு மேல் போங்கள். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் விழுந்து கோடு கோடாகத் தெரியும்.

கோட்டைக்கு வடக்கே, படை போகும் வழியில் தங்கிய பெரும் பாசறைகளின் தடம் இருக்கிறது. இதுதான் கஷ்டம், பெரும்பகுதி உழவில் கரைந்துவிட்டது. முதலில் இணையத்தில் வான்படத்தைப் பாருங்கள்: பாசறையின் வடிவம் சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி, நேர்கோடும் வளைந்த மூலையும். அப்புறம் கரை எங்கே அறுபடுகிறது என்று பாருங்கள். அந்த இடைவெளிக்கு நேர் எதிரே, சில மீட்டர் தள்ளி, தனியாக ஒரு குட்டி மேடு இருந்தால் அதுதான் வாசல். நேராகப் பாய்ந்து வருபவர்களைத் தடுக்கப் போட்டது அது.

ஈரப்புல் வழுக்கும், நல்ல பூட்ஸ் போடுங்கள். 2003-ம் ஆண்டுச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் இப்படிப்பட்ட நிலத்தில் பொறுப்போடு நடந்து போக உரிமை உண்டு, ஆனால் ஆடு மேயும் இடம், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டு வாருங்கள். நேரம் மிஞ்சினால் அதே ஏ822 சாலையில் சில கிலோமீட்டர் வடக்கே கெய்ம்ஸ் காசில் என்ற சின்னக் காவல் கோட்டையின் மண்கரையையும் பார்த்துவிடலாம்.