புகைமூட்டம்: நுரையீரல் மருத்துவர் பதில்கள்

2015இல் இந்தோனேசியக் காட்டுத்தீயால் வந்த புகைமூட்டத்தில் ஒரு மாதம் இருமினேன். பாதிப்பு இன்னும் மிச்சம் இருக்குமா? (ஜொகூர் பாரு)

வயது, புகைப்பழக்கம், ஆஸ்துமா எதையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? வாங்கினால் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதி மூச்சை அளக்கும் சோதனை) செய்யுங்கள்.

சர்ஜிகல் மாஸ்க் இரண்டு போட்டால் போதுமா?

போதாது. என்95 வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி. தாடி இருந்தால் காசுக்குக் கேடு.

எக்ஸ்ரே எடுத்தேன், எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நுரையீரல் தப்பித்துவிட்டது அல்லவா? (கிள்ளான்)

இந்த எக்ஸ்ரே மோகம் எப்போது ஒழியுமோ! நிமோனியா, காசநோய், கட்டி ஆகியவற்றைத் தேடத்தான் அது. புகையில் உள்ள பிஎம்2.5 என்ற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு. சின்ன மூச்சுக்குழாய்களில் அது கிளப்பும் அழற்சி படத்தில் விழாது. காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய இழுத்து, குழாயில் ஒரே வீச்சில் ஊதி, ஆறு நொடியாவது விடாமல் தொடர வேண்டும். பாதியில் விட்டுவிட்டு 'நார்மல்தானே டாக்டர்' என்று கேட்பவர்களும் உண்டு.

அமெரிக்காவின் மொன்டானாவில் சீலி லேக் என்ற சிற்றூர், 2017இல் சுமார் 50 நாள் காட்டுத்தீப் புகைக்குள் கிடந்தது. ஊர்க்காரர்களை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். இயல்பு அளவுக்குக் கீழே இருந்தவர்கள் அந்த ஆண்டு பத்தில் ஒருவர். மறு ஆண்டு ஏறத்தாழ பாதிப்பேர். அதாவது, புகை கலைந்து ஓராண்டு கழித்து! சிறிய ஆய்வு, பெரும்பாலும் வயதானவர்கள். ஆகவே பதற வேண்டாம். ஆனால் எக்ஸ்ரே உறையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரவும் வேண்டாம்.

இரண்டு வயது மகனுக்குப் பிற்காலத்தில் பிரச்சினை வருமா? (சிங்கப்பூர்)

கலிபோர்னியாவில் 2008இல் காட்டுத்தீப் புகையைச் சுவாசித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு, பருவ வயதில் நுரையீரல் கொள்ளளவு குறைந்திருந்தது. குரங்குக்கு நடந்தது குழந்தைக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். பிஎஸ்ஐ (சிங்கப்பூரின் காற்று மாசுக் குறியீடு) 100ஐத் தாண்டினால் வெளியே ஓடியாட விடாதீர்கள்.

சன்னல் எல்லாம் அடைத்தும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டும் வீட்டில் நெடி போகவில்லை. (ஈப்போ)

போட்டும் அல்ல, போட்டதால். அடைத்த வீட்டில் சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்தி மூன்றும் கூடாது. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்குங்கள். ஓசோன் விடும் கருவிகளை மலிவு என்று வாங்காதீர்கள்.

வெல்லம் சாப்பிட்டால் புகை வெளியேறுமா?

வெல்லம் இரைப்பைக்குப் போகிறது.

ஆஸ்துமா உண்டு. புகை வரும்போது மட்டும் நீல இன்ஹேலர் (உடனடி நிவாரணத்துக்கு) போதுமா?

ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: தினசரித் தடுப்பு இன்ஹேலரை உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். நீலத்தை அடிக்கடி தேடினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஸ்பைரோமெட்ரியும் கேளுங்கள், எக்ஸ்ரே அல்ல.