பாட்டு நிற்கிற இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். எட்டு மாதம் முன்பு ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்கினேன். வேலை நாட்களில் வீடு திரும்பவே எட்டரை ஆகிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு, இரண்டரை மணி நேரம் யூடியூப் பார்த்துப் பழகுகிறேன். சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்களை வைக்கும் அமைப்புகள்) எல்லாம் தனித்தனியாக வருகின்றன. பாட்டு என்று ஆரம்பித்தால் சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது கை நின்றுவிடுகிறது. எஃப் கார்டு சுத்தமாக வரவில்லை. “இதோ, இப்ப நிக்கும் பாருங்க” என்று என் மனைவி சமையலறையிலிருந்தே சொல்லிவிடுகிறார். கற்றுக்கொள்ளும் வயது தாண்டிவிட்டதா? விலை கூடிய கிட்டார் வாங்கினால் சரியாகுமா? வகுப்பில் சேரத்தான் வேண்டுமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்கள் மனைவி சொன்னதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. பாட்டு எங்கே நிற்கும் என்று அடுப்படியில் இருப்பவருக்கே தெரிகிறதென்றால், அது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறது. நின்றதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். ஏற்கெனவே வருகிற பகுதிக்கு ஐம்பது தடவை பயிற்சி கிடைக்கிறது. வராத இடத்துக்கு ஞாயிறு முழுவதும் சேர்த்து இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. கைக்குச் சரி தப்பு தெரியாது, திரும்பத் திரும்பச் செய்ததைப் பிடித்துக்கொள்ளும். சி வாசி, நிறுத்து, குனிந்து விரலைப் பார், பிறகு ஜி வை. எட்டு மாதமாக அதற்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான், அதையும் நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கலைத்துவிடுங்கள். புதிதாகப் பழகுபவர் விரல் நுனி அரை மணி நேரத்திலேயே எரிய ஆரம்பித்துவிடும், அதன் பிறகு வாசிப்பது வலியைச் சமாளிக்கிற வாசிப்பு. அப்புறம் ஆறு நாள் இடைவெளி. விரலில் காய்ப்பு ஏற அடிக்கடி கம்பி பட வேண்டும். இன்று பழகியதை நாளையே இன்னொரு தடவை தொட்டால்தான் கையிலும் தங்கும். அதே இரண்டு மணி நேரத்தைத் தினமும் 15, 20 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு வந்து சாப்பிட்டு, டிவி போடுவதற்கு முன் என்று ஒரு நேரத்தோடு அதைக் கட்டிப்போடுங்கள். முடியாத நாளில் ஐந்து நிமிடம் போதும், ஆனால் எடுக்காமல் விடாதீர்கள்.

கிட்டார் எங்கே இருக்கிறது? பையில் போட்டு அலமாரி மேலே என்றால், இறக்கித் தூசி தட்டி ஜிப்பைத் திறப்பதற்குள் பாதி ஆசை போய்விடும். ஒரு ஸ்டாண்டு வாங்கிக் கூடத்திலேயே வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரமும் ஏ.சி. காற்று நேராக அடிக்கும் இடமும் மட்டும் வேண்டாம், மரத்துக்கு ஆகாது. குளித்த உடனே வாசிக்காதீர்கள், ஊறிய தோலில் கம்பி சீக்கிரம் வெட்டும்.

சரி, சி-யிலிருந்து ஜி. இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மிக மெல்லிய கம்பி முதல் கம்பி, மிகத் தடித்தது ஆறாவது. கிட்டாரின் நீண்ட கழுத்துதான் நெக், அதன் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள் ஃபிரெட். சி-யில் ஆட்காட்டி விரல் இரண்டாவது கம்பியில் முதல் ஃபிரெட், நடுவிரல் நான்காவது கம்பியில் இரண்டாவது ஃபிரெட், மோதிர விரல் ஐந்தாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட். பல வீடியோக்களில் ஜி-யைக் காட்டும்போது ஆட்காட்டி விரலை ஐந்தாவது கம்பிக்கும் நடுவிரலை ஆறாவது கம்பிக்கும் கொண்டுபோவார்கள். நீங்களும் அப்படித்தான் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் மூன்று விரலும் எழுந்து வெவ்வேறு இடத்துக்கு ஓட வேண்டும். அதற்குப் பதில் நடுவிரலையும் மோதிர விரலையும் அதே அமைப்பில், அதே ஃபிரெட்டில், ஆளுக்கொரு கம்பி தள்ளுங்கள். நடுவிரல் ஐந்துக்கும் மோதிர விரல் ஆறுக்கும் போய்விடும். ஆட்காட்டி விரலைத் தூக்கிவிட்டு, சுண்டு விரலை முதல் கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் வையுங்கள். அதுவும் ஜி-தான். சுண்டு விரல் ஒரு வாரம் முரண்டு பிடிக்கும், பிறகு வழிக்கு வந்துவிடும். ஏ மைனரிலிருந்து சி-க்குப் போவது இதைவிடச் சுலபம்: மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும், மற்ற இரண்டையும் எடுக்கவே கூடாது. எந்த இரண்டு கார்டானாலும் எந்த விரல் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்று முதலில் பார்த்துவிடுங்கள். கார்டைப் பழகுவது ஒன்று, கார்டு மாற்றுவதைப் பழகுவது வேறு. உங்களிடம் இல்லாதது இரண்டாவது.

கைபேசியில் ஒரு நிமிடம் டைமர் வைத்து சி, ஜி, சி, ஜி என்று மாற்றிக்கொண்டே இருங்கள். எத்தனை மாற்றம் என்று எண்ணி ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கணக்கு பார்ப்பவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆரம்பத்தில் 15 வந்தாலும் கவலை வேண்டாம். முப்பதைத் தாண்டியதும் பாட்டுக்குள் கொண்டுபோகலாம். பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிற நேரமென்றால் பிரிட்ஜ் (கம்பிகளை உடலோடு பிணைக்கும் கட்டை) பக்கம் கம்பிக்கு அடியில் ஒரு சின்னத் துணியைச் செருகிக்கொள்ளுங்கள், சத்தம் அமுங்கிவிடும்.

பாட்டுக்குள் போகும்போது சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன. நாலு தட்டு சி, நாலு தட்டு ஜி. பாட்டு முழுக்க வேண்டாம், நிற்கிற இடத்துக்கு முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று, அவ்வளவுதான். இதில் ஒரே ஒரு சட்டம்: வலது கை நிற்கக் கூடாது. நாலாவது தட்டிலேயே இடது கையை எடுத்துவிடுங்கள், திறந்த கம்பிகள் ஒலித்தாலும் பரவாயில்லை. கேட்பவர் காது கார்டு பிசகியதை மன்னித்துவிடும், தாளம் நின்றதை மன்னிக்காது. தடுமாறாமல் வந்தால் மறுநாள் 65, இல்லையென்றால் 55. நம் ஊரில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாட வைப்பதும் இதே காரியத்துக்குத்தான். முதல் காலம் சுத்தமாக வராமல் மூன்றாம் காலத்துக்குப் போனால் குளறுபடிதான் வேகமாக வரும்.

கடைசி ஐந்து நிமிடம் உங்கள் இஷ்டம். பிடித்த பாட்டைத் தப்பும் தவறுமாக வாசியுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. அது இல்லாவிட்டால் மூன்றே வாரத்தில் கிட்டார் மறுபடி அலமாரிக்குப் போய்விடும். யூடியூபைப் பயிற்சி நேரத்தில் திறக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு பாடம் போதும், அதைச் சாப்பிடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எஃப்-ஐ இப்போதைக்கு விடுங்கள். அதில் ஆட்காட்டி விரல் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும், அதுவும் முதல் ஃபிரெட்டில், நெக்கின் முனைக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக இருக்கும் இடத்தில். கீழ் நான்கு கம்பிகளை மட்டும் அழுத்தும் சின்ன எஃப் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே நிறையப் பாட்டு வாசிக்கலாம். விரல் நுனி எரிவது சகஜம். மணிக்கட்டு வலித்தாலோ விரல் மரத்துப்போனாலோ அன்றைக்கு மூடி வையுங்கள், அது தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-ல் ஒரு தீ விபத்தில் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சரியாக இயங்காமல் போனவர். அதற்குப் பிறகு பெரும்பாலும் மீதி இரண்டு விரல்களை வைத்து வாசித்துத்தான் ஜாஸ் கிட்டாரில் பெரிய பெயர் எடுத்தார். உங்களுக்கு நாலும் இருக்கிறது, வயது 34-தான்.

புது கிட்டார் வேண்டாம். ஒரு ஸ்கேலை எடுத்து, 12-வது ஃபிரெட்டுக்கு மேல் ஆறாவது கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் நல்லது. நாலு என்றால் நீங்கள் எட்டு மாதமாக வீணாக அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து அந்த உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை இறக்கச் சொல்லுங்கள், கம்பியையும் மெல்லிய .010 செட்டாக மாற்றச் சொல்லுங்கள். எட்டு மாதக் கம்பியில் கைவியர்வை பட்டுத் துரு ஏறியிருக்கும். வகுப்பு கட்டாயமில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு ஆசிரியர் முன் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். நெக்குக்குப் பின்னால் உங்கள் கட்டை விரல் எங்கே இருக்கிறது என்று வீடியோ பார்த்துச் சொல்லாது.