பக்கவாதத்துக்குப் பிறகு தோள்வலி, கைவலி: ஒரு பிசியோவிடம் கேளுங்கள்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வாரம். வலது தோளைத் தொட்டாலே கத்துகிறார். தோளில் ஒரு விரல் போகிற அளவு பள்ளம் தெரிகிறது. எலும்பு நழுவிவிட்டதா?

பதில்: கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. எலும்பைப் பெரிதும் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள தசைகள்தான். அவை தளர்ந்தால் கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். ஆனால் பள்ளம் இருக்கிற எல்லோருக்கும் வலிப்பதில்லை. எழுப்பும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறீர்களா? சட்டை போடக் கையைப் பிடித்து இழுக்கிறீர்களா? இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். சட்டையை முதலில் பாதித்த கைக்கு மாட்டி, கழற்றும்போது அதைக் கடைசியாக உருவுங்கள். உட்கார்ந்திருக்கையில் முழங்கை முதல் விரல் வரை தலையணை மேல் இருக்கட்டும். ஸ்லிங் (கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் பட்டை) நிற்கவும் நடக்கவும் மட்டும். நாள் முழுக்க மாட்டினால் கை மடங்கியபடியே இறுகிவிடும்.

கேள்வி: கப்பியில் கயிறு போட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கலாமா?

பதில்: கூடாது. தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாதபோது தூக்கினால் உள்ளே தசைநாண் நசுங்கும்.

கேள்வி: அம்மாவின் புறங்கை வீங்கிப் பளபளவென்று சிவந்திருக்கிறது. மணிக்கட்டை அசைக்கவே விடுவதில்லை.

பதில்: உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தக்கட்டும் கிருமித்தொற்றும் இல்லை என்று உறுதியானால், பக்கவாதத்தோடு வருகிற தோள்-கை நோயாக இருக்கலாம். அதற்குச் சில வாரம் ஸ்டீராய்டு மாத்திரை தருவதுண்டு. கையை உயர்த்தி வையுங்கள், வலிக்காத அளவில் அசைத்துவிடுங்கள். அந்தக் கையில் டிரிப்ஸ் ஏற்ற வந்தால் மறு கையில் போடச் சொல்லுங்கள். இழுக்காதீர்கள்.

கேள்வி: ரப்பர் பந்து அமுக்கலாமா?

பதில்: நான் கொடுப்பதில்லை. விரலை விரிக்க வராத கையில் இறுக்கம் கூடலாம்.

கேள்வி: என் மாமாவுக்குப் பந்து அமுக்கித்தான் கை வந்தது. சும்மா பயமுறுத்தாதீர்கள் சார்.

பதில்: சந்தோஷம். அவருக்கு விரலை விரிக்க வந்ததா? வந்திருந்தால் பந்தால் கெடுதல் இருந்திருக்காது.

கேள்வி: எங்கள் பிசியோதான் பந்து கொடுத்தார். அவருக்குத் தெரியாதா?

பதில்: பந்து இறுக்கத்தைக் கூட்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் பார்க்கிறவர்களில் பலருக்கு டம்ளரைப் பிடிக்க வந்துவிடுகிறது, விடத்தான் வருவதில்லை. பிடிக்கத் தெரிந்த கைக்குப் பிடிக்கவே ஏன் பயிற்சி? பந்து பற்றி இனி பதில் இல்லை.

கேள்வி: தைலம் தேய்த்து வெந்நீர் ஊற்றலாமா?

பதில்: தைலம் மெதுவாகத் தடவலாம், முறுக்கி நீவக் கூடாது. வெந்நீரை முதலில் உங்கள் கையில் ஊற்றிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த கை வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

கேள்வி: அத்தைக்குத் திடீரென்று இடது தோளில் வலி, வியர்க்கிறது.

பதில்: இது என்னிடம் கேட்கிற கேள்வி இல்லை, மாரடைப்பாக இருக்கலாம். 108ஐ அழையுங்கள், இப்போதே.

கேள்வி: மாமியாருக்கும் தோள்வலி. கையைப் பிடித்து எழுப்பினால் 'கடக்' என்று சத்தம் வருகிறது. ஏன்?

பதில்: ஏன் பிடித்து எழுப்பினீர்கள்?